பழைய அஞ்சலட்டைகளை ஆல்பத்திலிருந்து பிரித்தல்: திருத்தணி எல்லைப் பகுதியை முன்வைத்து

படத்தைப் பார்ப்பதற்காகவே அஞ்சலட்டைகளை ஆல்பத்தில் ஒட்டினார்கள். அதனால் பசை பூசப்பட்டது எப்போதும் பின்பக்கத்தில்தான். முகவரி, தபால்தலை, அஞ்சல் முத்திரை, பெரும்பாலும் கடிதமும் அந்தப் பக்கத்தில் இருந்தன. இன்று ஒரு வட்டாரத்தின் வரலாற்றை எழுத முனைபவருக்குக் கோபுரப் படத்தைவிட அந்தப் பின்பக்கம் கூடுதலாக உதவும். கோபுரம் பெரும்பாலும் இப்போதும் அங்கேயே இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட ஒரு நாளில் அந்த ஊர் எந்த மாவட்டத்தின் பெயரால் அழைக்கப்பட்டது, எந்த மொழியில் முகவரி எழுதினார்கள் என்பவை அட்டையின் பின்புறத்தில் மட்டுமே தங்கியிருக்கலாம். அவசரமாக அட்டையைப் பிய்த்தெடுக்கும்போது அழிவதும் அந்தப் பக்கமே.

பழைய அஞ்சலட்டைகளை ஆல்பம், ஒட்டுப் புத்தகம், கடிதக் கம்பி ஆகியவற்றிலிருந்து சேதமின்றிப் பிரிக்கும் முறைகளையும், அவற்றால் காப்பாற்றப்படும் வரலாற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. வீட்டை விட்டு நகராமலே திருத்தணிக்காரர் ஒருவரின் முகவரி தம் வாழ்நாளில் நான்கைந்து முறை மாறியிருக்க முடியும் என்பதே காரணம்.

ஊர் ஒன்று, முகவரி பல

திருத்தணி முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவதாகக் கொள்ளப்படுவது. ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள் மலைமேல் உள்ள கோயிலுக்குச் செல்கின்றன. டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவும் ஆடிக் கிருத்திகைக் காவடிகளும் ஊருக்கு வெளியூர்க் கூட்டத்தைக் கொண்டுவருபவை. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் ரயில் தடத்தில் ஊர் அமைந்துள்ளது. சென்னையையும் பம்பாயையும் இணைத்த தடம் இது. அந்த இணைப்பு 1871-இல் முழுமையடைந்தது. கோயில், ரயில் நிலையம், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் கடைத்தெரு ஆகிய மூன்றும் இருக்கும் ஊரில் கடிதப் போக்குவரத்து மிகுதியாக இருந்ததில் வியப்பில்லை.

இனி முகவரிக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் திருத்தணி, சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத்தில், கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்ததாக இருந்தது. 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதற்குள் சென்றது. மொழியைவிட நிர்வாக வசதியே அப்போது கருதப்பட்டது. இரண்டும் ஒரே மாகாணத்தில் இருந்ததால் அன்று அது பெரிய செய்தியும் அல்ல. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தபோதுதான் அதன் விளைவு தெரிந்தது. சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் ஆந்திரத்தில் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 முதல் அது ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று.

ம.பொ.சிவஞானம் தலைமையில் தமிழரசுக் கழகம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், திருத்தணி வட்டாரத்தில் மங்கலங்கிழார், கே. விநாயகம் போன்றோரின் பணி, எல்லையை ஆராய்ந்த எச்.வி. படாஸ்கரின் பரிந்துரை ஆகியவற்றைத் தொடர்ந்து 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. 1969-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது. 1997 முதல் திருத்தணி திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

இந்த மாற்றங்கள் வரலாற்று எழுத்தில் எப்படிக் குழப்பம் தருகின்றன என்பதற்கு எல்லோரும் அறிந்த சான்று ஒன்று உண்டு. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்தார். அவர் சித்தூர் மாவட்டத்தில் பிறந்ததாகச் சில நூல்கள் சொல்லும். திருவள்ளூர் மாவட்டத்தில் பிறந்ததாக வேறு சில சொல்லும். 1888-இல் இவ்விரு மாவட்டங்களுமே இல்லை. அன்றைய நிர்வாகப்படி அது வட ஆற்காடு. பின்னால் வந்த பெயரை முன்னால் ஏற்றிச் சொல்லும் இந்தப் பழக்கத்தைத் திருத்த, அந்தந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஒரு முகவரி போதும்.

அதே சமயம் ஓர் எச்சரிக்கையும் தேவை. மாவட்டம் மாறிய மறுநாளே மக்கள் முகவரியை மாற்றி எழுதிவிட மாட்டார்கள். 1960-க்குப் பிறகும் பழக்கத்தால் ‘சித்தூர் ஜில்லா’ என்று எழுதிய கைகள் இருந்திருக்கும். எனவே முகவரியை மட்டும் வைத்து அட்டையின் காலத்தை முடிவு செய்ய முடியாது. முத்திரையின் தேதியோடு சேர்த்துப் பார்த்தால் அந்தத் ‘தவறு’ம் ஒரு செய்தியாகிறது: அரசு மாற்றிய பெயரை மக்கள் எத்தனை ஆண்டுகள் கழித்து ஏற்றார்கள் என்று அது சொல்லும். முகவரியும் முத்திரையும் ஒருசேரப் பிழைத்தால்தான் இதற்கு வழி உண்டு. பசையில் ஒன்று போனாலும் மற்றது பாதி ஊமையாகிவிடும்.

அஞ்சலட்டையின் பின்புறத்தைப் படித்தல்

உலகின் முதல் அஞ்சலட்டையை ஆஸ்திரிய-ஹங்கேரிய அரசு 1869 அக்டோபர் 1 அன்று வெளியிட்டது. இந்தியாவுக்கு அது 1879 ஜூலை 1 அன்று வந்தது, விலை காலணா. தபால்தலை அட்டையிலேயே அச்சாகியிருக்கும். படம் கிடையாது. ஒரு பக்கம் முகவரி, மறுபக்கம் கடிதம். தமிழ் வீடுகளில் ‘கார்டு’ என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் இதைத்தான்.

பட அஞ்சலட்டை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், வீலே அண்டு கிளைன் போன்ற நிறுவனங்கள் கோயில்கள், கடற்கரை, மவுண்ட் ரோடு, தொழில் செய்யும் மக்கள் ஆகிய காட்சிகளை அட்டையாக்கி விற்றன. அக்காலப் பட அட்டைகள் பலவும் ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் வந்தவை. தொடக்ககாலப் பட அட்டைகளின் பின்பக்கத்தில் முகவரி மட்டுமே எழுத வேண்டும். சேதி எழுத இடம் படத்தின் ஓரத்தில்தான். பிரிட்டன் 1902-இல் பின்பக்கத்தை நடுக்கோடிட்டு இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் சேதி எழுத அனுமதித்தது. மற்ற நாடுகளும் அடுத்த சில ஆண்டுகளில் அம்முறைக்கு வந்தன. ஆல்பத்திலிருந்து பிரிப்பவருக்கு இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி. படத்தின் ஓரத்தில் கையெழுத்து இருந்தால் பசைக்குக் கீழே முகவரியும் முத்திரையும் மட்டும் இருக்கக்கூடும். படப் பக்கம் வெறுமையாக இருந்தால் கடிதம் முழுவதுமே பசைக்குக் கீழே இருக்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டும்.

முத்திரை தெளிவாக இல்லாதபோது தபால்தலை கைகொடுக்கும். ஏழாம் எட்வர்டு தலை 1902 முதல், ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல், ஆறாம் ஜார்ஜ் 1937 முதல். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தபால்தலை 1947 நவம்பர் 21 அன்று வந்தது. அணா விலை போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1 அன்று. ‘நயா’ என்ற சொல் 1964-இல் கைவிடப்பட்டது. முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அட்டை 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. திருத்தணிக்கு அது 631209. ஆகவே நயா பைசாத் தலையும் சித்தூர் முகவரியும் கொண்ட அட்டை ஒன்று கிடைத்தால், முத்திரை மங்கியிருந்தாலும் அது திருத்தணி ஆந்திரத்தில் இருந்த கடைசி மூன்று ஆண்டுகளைச் சேர்ந்ததாகவோ பழக்கத்தால் சற்றுப் பின்னர் எழுதப்பட்டதாகவோ இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

தபால்தலை சேகரிக்கும் சிறுவர்கள் இந்தச் சான்றைக் கத்தரிக்கோலால் தொலைத்த கதை பல வீடுகளில் உண்டு. தலையை வெட்டி எடுத்து நீரில் ஊறவைத்துத் தலையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். முத்திரையில் பாதி தலையோடு போய்விடும். மறுபாதி மூலையறுந்த அட்டையில் நிற்கும்.

கம்பியும் ஆல்பமும்

தமிழ் வீடுகளில் கடிதங்களின் முதல் காப்பகம் ஆல்பமன்று, கம்பிதான். அடியில் மரக்கட்டையோ தகர வட்டோ இருக்கும். அதிலிருந்து மேலெழும் இரும்புக் கம்பியின் முனை கொக்கிபோல் வளைந்திருக்கும். வந்த கார்டைப் படித்து முடித்ததும் அதில் குத்தி, கம்பியை உத்தரத்து ஆணியிலோ சன்னல் கம்பியிலோ மாட்டுவார்கள். கடைகளில் பில்லுக்கும் இதே கம்பி. ஒவ்வொரு கடிதமும் முந்தையதன் மேல் குத்தப்படுவதால் அடியில் இருப்பது மிகப் பழையது. தொல்லியலாளர் மண்ணடுக்கைப் படிப்பதுபோல் இதைப் படிக்கலாம். தேதியில்லாத கார்டுக்குக்கூட மேலும் கீழும் உள்ள கார்டுகள் காலம் சொல்லிவிடும். அதனால் கம்பியிலிருந்து எடுக்கும்போது அடுக்கின் வரிசையைக் குலைக்கக் கூடாது.

கம்பி துருப்பிடித்திருந்தால் கார்டுகளை மேல்நோக்கி உருவக் கூடாது. துரு, துளையைச் சுற்றி அட்டையைப் பிடித்திருக்கும். இழுத்தால் துளை கிழியும். கொக்கி முனையைக் குறடால் வெட்டி நேராக்கிவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக, இரு கைகளாலும் துளையின் இருபுறமும் பிடித்து மெல்லச் சுழற்றி எடுக்க வேண்டும். எடுத்த வரிசையிலேயே எண்ணிடப்பட்ட உறைகளில் போட வேண்டும். கார்டின் மேல் எண் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் சிறியதாக எழுதலாம். பேனா கூடாது.

ஆல்பம் வசதியான வீடுகளுக்கும், வெளிநாடு சென்ற உறவினர் உள்ள வீடுகளுக்கும் உரியதாக இருந்தது. தடித்த கறுப்புத் தாள், நான்கு மூலையிலும் முக்கோண மூலைச்செருகி, இடையில் பட்டர் தாள் என்பது அதன் வழக்கமான அமைப்பு. ஒட்டுப் புத்தகம் இதைவிட எளியது. பழைய கணக்குப் புத்தகத்திலோ வரைபட நோட்டிலோ பத்திரிகைப் படம், தீப்பெட்டி லேபிள், காலண்டர் சாமி படம், அஞ்சலட்டை எல்லாவற்றையும் சோற்றுப் பருக்கையாலும் மைதாப் பசையாலும் ஒட்டி வைத்திருப்பார்கள். மூலைச்செருகியில் இருக்கும் அட்டைக்கு ஆபத்தில்லை. சிக்கல் முழுவதும் ஒட்டுப் புத்தகத்தில்தான்.

இப்படிப்பட்ட சிறு காகிதங்கள் ஆய்வுக்குரியவை என்ற எண்ணம் மெல்லத்தான் வந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு அழைப்பிதழ், துண்டறிக்கை, கடிதம் போன்றவற்றையும் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994-இல் சென்னையில் அது ஆய்வு நூலகமாயிற்று. 2018-இல் லண்டன் சோவாஸ் நிறுவனத்தில் சென்னை, பெங்களூர் நகரங்களின் பட அஞ்சலட்டைகளை வைத்து ஒரு கண்காட்சியே நடத்தப்பட்டது.

பிரிக்க வேண்டுமா?

ஆல்பம் நல்ல நிலையில் இருந்தால், அட்டைகள் மூலைச்செருகியில் இருந்தால், பிரிக்காமல் விடுவதே மேல். அடுத்தடுத்து எதை ஒட்டினார்கள், பக்கத்தில் என்ன குறிப்பு எழுதினார்கள் என்பதும் அந்த வீட்டின் வரலாறே. தாள் நொறுங்குகிறது, பூச்சி அரிக்கிறது, பூஞ்சை பிடித்திருக்கிறது, ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பத்தில் அட்டை மஞ்சளாகிறது, அல்லது பின்பக்கத்தைப் படித்தே ஆக வேண்டிய ஆய்வுத் தேவை இருக்கிறது என்றால் பிரிக்கலாம். விற்பதற்காகப் பிரிப்பது வேறு கணக்கு. அதில் வரிசை போனால் மீட்க வழியில்லை.

முதல் வேலை படமெடுத்தல். அட்டை, முதல் பக்கம், ஒவ்வொரு பக்கமும் முழுதாக, பிறகு ஒவ்வொரு அட்டையும் தனியாக. பக்க எண்ணும் பக்கத்தில் அட்டை இருந்த இடமும் ஒரு நோட்டில் பதிவாக வேண்டும். தாள் மெல்லியதாகவும் வெளிர் நிறமாகவும் இருந்தால் இருட்டறையில் கைப்பேசி விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்க்கலாம். சில அட்டைகளின் எழுத்து ஊடுருவித் தெரியும்; படத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பினால் படித்துவிடலாம். பிரிக்காமலே காரியம் முடிந்துவிடும் வேளைகளும் உண்டு.

பருவமும் முக்கியம். திருத்தணி வட்டாரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது காற்றின் ஈரத்தில் ஒளிப்பட அட்டைகளின் ஜெலட்டின் பூச்சு பிசுபிசுக்கும். தொட்ட விரல் பதியும். மே மாத வெயிலில் பழைய தாள் அப்பளம்போல் உடையும். பொங்கலுக்குப் பின் மார்ச் வரையிலான நாட்கள் இந்த வேலைக்கு ஏற்றவை. மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும் என்பதை அனுபவித்தவர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

பிரிக்கும் முறை

அஞ்சலட்டை ஒரே தாளால் ஆனதன்று. பல தாள்கள் அடுக்காக அழுத்தப்பட்டது. பசையின் பிடி, அந்த அடுக்குகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைவிட வலுவாக இருக்கும்போது, இழுக்கும் கைக்கு அட்டை முழுதாக வராது. முன்பக்கம் கைக்கு வரும்; பின்பக்கத் தோல் ஆல்பத்திலேயே நின்றுவிடும். எழுத்துகளும் அந்தத் தோலோடு நிற்கும். இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது: ஆல்பத் தாளை அட்டையிலிருந்து உரிக்க வேண்டும், அட்டையை ஆல்பத்திலிருந்து உரிக்கக் கூடாது. இரண்டில் ஒன்று கிழிய வேண்டுமென்றால் அது ஆல்பத் தாளாக இருக்கட்டும்.

மூலைச்செருகியில் இருக்கும் அட்டையை எடுக்கும்போதும் இதே விதிதான். அட்டையை வளைத்தால் மூலை மடியும், ஒளிப்பட அட்டையானால் பூச்சில் வெடிப்பு விழும். அட்டையை நேராக வைத்து, பக்கத் தாளைப் பின்னோக்கி வளைத்தால் ஒரு மூலை தானே விடுபடும். விடவில்லை என்றால் செருகியை வெட்டிவிடலாம்.

புள்ளி புள்ளியாகப் பசை வைத்த அட்டைகளுக்குப் பல் இடுக்கைச் சுத்தம் செய்ய விற்கும் நூல் நல்ல கருவி. மணமும் மெழுகும் சேர்க்காத நூலாக இருக்க வேண்டும். அட்டைக்கும் தாளுக்கும் இடையே அதை நுழைத்து, இரு முனையையும் பிடித்து, மேலே இழுக்காமல் பக்கவாட்டில் அறுப்பதுபோல் நகர்த்த வேண்டும். நூல் தாளை ஒட்டியே போகட்டும். முனை மழுங்கிய மெல்லிய தகடும் உதவும். கூரிய பிளேடு வேண்டாம். நூல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அங்கே பசை கனமாக இருக்கிறது என்று பொருள். வலிந்து இழுக்காமல் மறுபக்கத்திலிருந்து வர வேண்டும்.

முழுப் பரப்பிலும் பசை பூசி ஒட்டியதற்கு நூல் பயன்படாது. படமெடுத்த பிறகு அந்த ஏட்டைத் தையலை ஒட்டி வெட்டி எடுத்து, அட்டையைச் சுற்றி ஒரு விரல் இடம் விட்டுத் தாளை நறுக்கிக்கொள்ள வேண்டும். சுத்தமான வழவழப்பான பரப்பில் படம் கீழ்நோக்கி இருக்க வைத்து, ஆல்பத் தாளை மெல்லிய படலங்களாக விரலால் உரிக்கலாம். உரியும் படலத்தை மேல்நோக்கித் தூக்காமல், தன்மேலேயே மடித்துத் தட்டையாக இழுக்க வேண்டும். வாழைநாரைக் கிழிப்பவர் கை இதை அறியும். மலிவான கறுப்புத் தாள் பஞ்சுபோல் எளிதில் உரியும். கணக்கு நோட்டுத் தாள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். எழுத்து தெரியத் தொடங்கும் அளவுக்கு மெல்லிதான பிறகு நிறுத்திவிடலாம். கடைசிப் படலத்தையும் எடுத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் பல அட்டைகள் பாழாகின்றன. ஏட்டின் இரு பக்கத்திலும் ஒரே இடத்தில் அட்டைகள் ஒட்டியிருந்தால், நடுத்தாளின் ஓரத்தில் பிளவு கண்டு தாளையே இரண்டாகப் பிளக்க வேண்டியிருக்கும். இது பொறுமைக்குச் சோதனை. ஒரு மாலையில் ஒரு ஏடு முடிந்தால் போதும்.

ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பம் 1970-கள், 80-களில் நம் வீடுகளுக்கு வந்த வினை. கோடு கோடாகப் பிசின் பூசிய அட்டைப் பக்கமும் அதன்மேல் பிளாஸ்டிக் உறையும் கொண்டது. ஆண்டுகள் கழிந்தபின் பிசின் இறுகும் அல்லது ஒழுகும். இங்கும் முதலில் நூல்தான். நகரவில்லை என்றால் தலைமுடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் பக்கத்தின் பின்புறம் சில நொடி காட்டி மறுபடி முயலலாம். ஒளிப்பட அட்டையின் முகத்தில் சூடு படக் கூடாது. செல்லோ டேப் ஒட்டியிருந்தால் அதன் பிளாஸ்டிக் காலப்போக்கில் தானாக உதிர்ந்து பழுப்புக் கறை மட்டும் மிஞ்சும். அந்தக் கறையை நீக்கக் கரைப்பான்கள் தேவை. அவை மையையும் கரைக்கும், தீப்பற்றும். அதை வீட்டில் செய்ய வேண்டாம். காகிதப் பாதுகாப்பு பயின்றவரிடம் விட்டுவிடலாம்.

நீரும் மஞ்சளும்

சோறு, மைதா, கருவேலம் பிசின் ஆகியவை நீரில் இளகும். தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரப் பசை ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் இளகும். இதனால் அட்டையை நீரில் போட்டால் போதும் என்று தோன்றும். அது தவறு. நீரில் முதலில் கரைவது பசையாக இல்லாமல் போகலாம்.

கறுப்பு ஆல்பத் தாளின் சாயம் நனைந்ததும் அட்டையில் ஏறும். நீலம், ஊதா மையால் எழுதிய எழுத்து படர்ந்துவிடும். சில தபால்தலைகளின் அச்சு நிறமே நீரில் போய்விடும். ஒளிப்பட அட்டையின் ஜெலட்டின் ஊறி உப்பும். இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது காப்பியிங் பென்சில். பார்க்கச் சாதாரணப் பென்சில் எழுத்தாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும். பென்சில்தானே, நீரில் அழியாது என்று நனைத்தால் நொடியில் கத்தரிப்பூ நிறமாகிப் பரவும். அதன் கரியோடு சாயம் கலந்திருப்பதே காரணம். மை ஊற்றும் சிரமமின்றி அழியாத எழுத்து வேண்டிய இடங்களில், குறிப்பாக அலுவலகங்களிலும் பயணங்களிலும், ஒரு காலத்தில் இதைப் பெரிதும் பயன்படுத்தினார்கள்.

ஆகவே ஈரம் வைக்குமுன் ஒரு சோதனை. பஞ்சு சுற்றிய குச்சியை நனைத்துப் பிழிந்து, எழுத்தின் ஒரு புள்ளியை மட்டும் தொட்டு, வெள்ளைத் தாளில் ஒற்றிப் பார்க்க வேண்டும். நிறம் துளி வந்தாலும் அந்த அட்டைக்கு நீர் இல்லை. வராவிட்டால், மீந்துள்ள தாள்படலத்தின்மேல் மட்டும் மெத்தில் செல்லுலோஸ் கூழைக் கெட்டியாகத் தடவிச் சில நிமிடம் விடலாம். நீர் ஓடாமல் கூழிலேயே நிற்கும் என்பதுதான் இதன் பயன். இளகிய படலத்தை மழுங்கிய தகட்டால் வழித்துவிட்டு, மையொற்றுத் தாள்களுக்கு இடையே கனமான புத்தகத்தின் கீழ் வைத்து உலர்த்த வேண்டும். ஒளிப்பட முகத்தில் மையொற்றுத் தாள் நேரே படாமல் கேக் சுடுபவர்கள் பயன்படுத்தும் ஒட்டாத தாளை இடையில் வைக்கலாம். இல்லையென்றால் மையொற்றுத் தாளே படத்தோடு ஒட்டிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நம் வீட்டுக் கார்டுகளுக்கென்று ஒரு சிறப்புச் சிக்கல் உண்டு. மேலைநாட்டுக் கையேடுகளில் இது இருக்காது. கல்யாணம், காதுகுத்து போன்ற மங்கலச் செய்தி எழுதிய கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது வழக்கம். சாவுச் செய்தியானால் மூலையில் கறுப்பு மை. அந்தக் கார்டைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டில் வைக்க மாட்டார்கள். இதனால்தான் குடும்பக் கடிதத் தொகுப்புகளில் பிறப்பும் மணமும் மிகுந்தும் இறப்பு குறைந்தும் காணப்படும். தொகுப்பை வைத்து ஆய்வு செய்பவர் இந்த இடைவெளியை மனத்தில் கொள்ள வேண்டும். மூலையில் உள்ள மஞ்சள் கறையை அழுக்கென்று எண்ணித் துடைப்பது, கடிதத்தின் முதல் வரியை அழிப்பதற்குச் சமம். அஞ்சல்காரர் கையில் இருக்கும்போதே அது நல்ல செய்தி என்று தெருவுக்குச் சொன்னது அந்த மஞ்சள்தான்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தில் நிறம் மாறும். ஆவணங்களைக் காக்க விற்கப்படும் அமிலமற்ற தாள்களில் பலவற்றில், வருங்கால அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்புச் சத்து சேர்த்திருப்பார்கள். உலர்ந்த நிலையில் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஈரம் சேர்ந்தால் ஆரத்தித் தட்டில் நடப்பது கார்டின் மூலையிலும் நடக்கலாம். மஞ்சள் தடவிய கார்டுகளுக்குக் காரம் சேர்க்காத அமிலமற்ற தாளைக் கேட்டு வாங்குவதும், அவற்றில் ஈரம் படாமல் பார்ப்பதும் நல்லது. மஞ்சள் நிறம் வெளிச்சத்திலும் வெளிறும். கண்ணாடிச் சட்டமிட்டுச் சன்னலுக்கு எதிரே மாட்ட வேண்டாம்.

பிரித்த பின்

பூஞ்சை இருந்தால் முதலில் நிழலில் உலரவிட்டு, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை தாளுக்குள் இறங்கும். பசை எச்சம் இருக்குமிடத்தைக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். சுவடிகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவதைக் கண்டு அஞ்சலட்டைக்கும் பூசியவர்கள் உண்டு. ஓலைக்கு உகந்தது தாளுக்கு உகந்ததன்று, எண்ணெய்க்கறை நிரந்தரம். வேப்பிலை, வசம்பு வைப்பதானால் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைக்கலாம், அட்டையைத் தொடாமல்.

ஒவ்வொரு அட்டையும் தனி உறையில் இருக்க வேண்டும். இருபக்கமும் தெரியும் பாலியெஸ்டர் உறை சிறந்தது. கடைகளில் கிடைக்கும் மணம் வீசும் மெத்தென்ற பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். அட்டைகளை நிமிர்த்தி, அட்டைப்பெட்டியில், தரையிலிருந்து உயர்த்திய அலமாரியில் வைக்கலாம். கரையான் உள்ள ஊர்களில் சுவரோடு ஒட்டிய அலமாரி வேண்டாம்.

மின்படியாக்கும்போது இரு பக்கத்தையும் எடுக்க வேண்டும் என்று தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. இணையத்தில் பகிரப்படும் பழைய அட்டைகளில் மிகப் பலவற்றுக்குப் படப் பக்கம் மட்டுமே கிடைக்கிறது. கோப்பின் பெயரில் முத்திரையின் ஊர், தேதி, பெறும் ஊர், முகவரியில் எழுதியபடியே மாவட்டம் ஆகியவற்றைக் குறிக்கலாம். எழுதியவர் ‘திருத்தணிகை, சித்தூர் ஜில்லா’ என்று எழுதியிருந்தால் பதிவிலும் அப்படியே இருக்க வேண்டும். இன்றைய மாவட்டத்தைத் தனிப் புலத்தில் சேர்க்கலாம். தெலுங்கில் எழுதிய முகவரியைத் தெலுங்கு தெரிந்தவரிடம் காட்டிப் படிக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் அப்படி ஒருவர் பெரும்பாலும் அடுத்த வீட்டிலேயே இருப்பார்.

வாழ்பவர்களின் பெயரும் வீட்டு விவரமும் உள்ள அட்டைகளை வெளியிடும்முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கார்டு யாரும் படிக்கக்கூடிய திறந்த கடிதமாகவே வந்தது உண்மைதான். ஆனால் எழுதியவர் எதிர்பார்த்த வாசகர்கள் அஞ்சல்காரரும் அண்டைவீட்டாரும் மட்டுமே.